உளுக்காத உத்திரம்

முதுகலைப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவனை ஒரு கிராமத்துக்குள் விடுவதும், தீப்பெட்டி வைத்திருப்பவனை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே வித்தியாசம், தீப்பெட்டி வைத்திருப்பவனுக்குத் தன் கையில் இருப்பது தீப்பெட்டி என்று தெரியும். எனக்குத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் எம்.எட். படித்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்தது ஓர் ஆய்வுத் தலைப்பு.

அதை இப்போது சொன்னாலும் வாய் வலிக்கும்: ‘கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் இருக்கை அமைவும் ஒடுக்கப்பட்ட மாணவர்களின் கற்றல் அடைவும்.’ சாதாரணத் தமிழில் சொன்னால், காலனிப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்கிற பள்ளியில் அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள், ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரும் பள்ளியில் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. தலைப்பை நானே தேர்ந்தெடுத்தேன். அரியலூர் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவரின் மகன் நான். ஐந்தாம் வகுப்பு வரை சுவரோரம் தனி வரிசையில் உட்கார்ந்து படித்தவன். (அந்தச் சுவரின் வெடிப்புகள் எல்லாம் இன்றைக்கும் மனப்பாடம்.) ஆகவே இந்த விஷயத்தில் நான் தப்புச் செய்யமாட்டேன் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர்களைவிட நான் அதிகமாக நம்பினேன்.

பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிற பள்ளிகள் தேடாமலே கிடைத்தன. சேர்ந்து உட்காரும் பள்ளிதான் கிடைக்கவில்லை. பெரம்பலூரில் இறங்கி அரும்பாவூர்ப் பக்கம் ஒரு வாரம், குன்னம் பக்கம் ஒரு வாரம் என்று அலைந்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். ஒப்பிட இன்னொரு வகை இல்லையென்றால் அது ஆய்வே இல்லை என்றார். அப்படி ஒரு பள்ளி அகப்பட்டால், அங்கே ஏன் சேர்ந்து உட்காருகிறார்கள் என்ற காரணத்தையும் கண்டுபிடித்து எழுத வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண் என்றும் சொல்லியனுப்பினார்.

கடைசியில் வாலிகண்டபுரத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பள்ளியைப் பற்றி ஒருவர் சொன்னார். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

சின்ன வெங்காயம் பிடுங்குகிற சமயம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் வாசம்தான் எதிரே வந்தது. வெளியூர் ஆள் எவனும் முதலில் பிரசிடெண்டைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊராட்சித் தேர்தல் நடக்காமல் பல வருடங்கள் ஓடியிருந்தன. நிர்வாகம் தனி அதிகாரியின் கையில் இருந்தது. பதவி போயிருந்தாலும் அவருக்குப் பிரசிடெண்டு என்ற பட்டம் போகவில்லை. அறுபதைத் தாண்டிய, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஊரில் பாதி நிலம் அவருடையது. உட்காரச் சொன்னார். உள்ளேயிருந்து எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. வாங்கிக் குடித்தேன். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. என் பேண்ட்டும் கைக்கடிகாரமும் தோல்பையும் அவருக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிட்டிருந்தன. அவர் கேட்காததை நானும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தானும் வருவதாகச் சொன்னார். பெருமையாக இருந்தது.

பள்ளிக்கூடம் என்பது ஒரே நீளக் கூடம். நாட்டு ஓட்டுக் கூரை. நடுவில் சுவர் கிடையாது. வாசலில் நின்று உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கிழக்குப் பாதியில் பிள்ளைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைக்குப் பக்கத்தில் செம்பட்டைத் தலை. சலவைச் சட்டைக்குப் பக்கத்தில் பொத்தான் இல்லாத சட்டை. மேற்குப் பாதி காலியாகக் கிடந்தது. ஒரு கால் ஆடும் மேசை ஒன்று மட்டும் அங்கே இருந்தது.

தலைமையாசிரியையின் பெயர் மெகருன்னிசா. அப்போது அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, மிச்ச தூரத்தை நடந்து கடப்பவர். கணவர் சவுதியில். இன்னொரு ஆசிரியர் நீண்ட விடுப்பில் இருந்ததால் பள்ளியே அவர் ஒருவர்தான். நான் வணக்கம் சொன்ன கையோடு, இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டேன்.

“என்னத்த?”

“பிள்ளைங்க எல்லாரும் சேந்து உக்காந்திருக்காங்களே டீச்சர்.”

அவர் என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். பிறகு கூரையைக் காட்டினார். “அந்தப் பக்கத்து உத்திரம் உளுத்துப்போச்சு சார். யாரையும் விடுறதில்ல. இடம் பத்தாம நெருக்கி உக்கார வேண்டியதாயிருக்கு. அதான்.”

அந்த ‘அதான்’ என்னை நொறுக்கிவிட்டது. சமூக மாற்றம் என்ற அத்தியாயத்துக்கு நாற்பது பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். அதில் போய் உளுத்த மரம் என்று எழுதுவதா? ஆய்வு முன்னுரையில் வண்டுக்கும் கரையானுக்குமா நன்றி சொல்வது?

அப்போதுதான் கீழே பார்த்தேன். தரையில் தூள் இல்லை. உளுத்த மரத்துக்கு அடியில் மஞ்சளாக மாவு கொட்டிக் கிடக்கும். எங்கள் வீட்டு வாசல் நிலை அப்படித்தான் தினமும் கொட்டியது. இங்கே தரை துடைத்துவிட்டது போல இருந்தது. என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அதுதான் அன்றைய முதல் விபத்து.) உத்திரம் நன்றாக இருக்கிறது. அப்படியானால் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தது இந்த அம்மாதான். அதைத் தன்னடக்கத்தால் மறைக்கிறார். தன்னடக்கம் உள்ளவர்களின் புகழை உலகுக்கு எடுத்துச் சொல்வது ஆராய்ச்சியாளனின் கடமையல்லவா?

பிரசிடெண்டு வந்து சேர்ந்தார். நாற்காலி போட்டார்கள். அவருடன் வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய பேரன் குமார் முதல் வரிசையில் இருந்தான். நான் மேற்குப் பக்கம் நகர்ந்தேன். அந்தப் பக்கம் தேள் கிடக்கும் என்று டீச்சர் எச்சரித்தார். பரவாயில்லை என்றேன். முதலில் பிள்ளைகளுக்குப் பரீட்சையை வைத்துவிடலாமே என்றார். அப்புறம் என்றேன். ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் நீட்டி, வழியை மறித்தாற்போல நின்றார். குடித்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனேன். அவர் கண்ணால் ஏதோ சொன்னார். எவ்வளவு அடக்கமான பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடுகிற மேசையின் மேல் ஏறினேன். பள்ளிக்கூட மணி அடிக்கிற இரும்புத் துண்டைக் கேட்டு வாங்கி உத்திரத்தை ஓங்கித் தட்டினேன். ‘ணங்’ என்றது. வைரம் பாய்ந்த பனை. இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினேன். அங்கேயும் ‘ணங்.’ பிள்ளைகள் சிரித்தார்கள். மேசை மேல் நின்றபடியே, கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய அதே குரலில் சொன்னேன்:

“பிரசிடெண்டு சார், இந்த உத்திரம் இரும்பு மாதிரி இருக்கு. இன்னும் நூறு வருஷம் தாங்கும். டீச்சர் வேணும்னேதான் உளுத்துப்போச்சுன்னு சொல்லியிருக்காங்க. எல்லாப் பிள்ளைங்களும் வித்தியாசம் இல்லாம சேந்து உக்காரணும்னுதான்.”

கைதட்டலை எதிர்பார்த்தேன். மெகருன்னிசா டீச்சர் திரும்பிக்கொண்டு கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“அப்படியா டீச்சர்?” என்றார் பிரசிடெண்டு. குரல் உயரவில்லை.

டீச்சர் துடைப்பதை நிறுத்தவில்லை. மேசை மேல் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் நாலு வருடமாகச் சொல்லிவந்த ஒரே ஒரு பொய்யின் மேல் அந்தக் கிழக்குப் பாதி முழுவதும் உட்கார்ந்திருந்தது. என் பிள்ளையை அவர்களோடு உட்கார வைக்காதே என்று சொல்ல ஊரில் ஆட்கள் இருந்தார்கள். என் பிள்ளையை உளுத்த உத்திரத்துக்குக் கீழே உட்கார வை என்று சொல்ல யாரும் இல்லை. அந்த இடுக்கில்தான் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. அதை நான் ‘ணங்’ என்று தட்டி மூடியிருந்தேன்.

“நாலு வருஷமா எம் பேரன் ஒடுங்கி உக்காந்து படிக்கிறான்” என்றார் பிரசிடெண்டு. “மரத்த மாத்தச் சொல்லி நானே ஒன்றிய ஆபீசுக்கு ரெண்டு தரம் நடந்தேன்.” (அவர் நடந்துவிட்டு வந்த மறுநாள் டீச்சரும் நடந்திருக்கிறார். அவ்வளவு அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இது எனக்குப் பின்னால் தெரிந்தது.) “சரி, இடந்தான் இருக்கே. பிரிச்சு உக்கார வைங்க. யார எங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.”

“பிள்ளைங்க பழகிட்டாங்கங்க” என்றார் டீச்சர்.

“பழக்கம் மாறும்.”

பிள்ளைகள் அசையவில்லை. யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரும் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே அது தெரிந்தது. பிரசிடெண்டு வாசலில் நின்றவர்களிடம் ஒரு பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடத்தை ஒட்டியே அவருடைய வெங்காயக் கொல்லை. அங்கே வேலை செய்துகொண்டிருந்த அஞ்சலை என்ற பெண்ணைக் கூட்டி வந்தார்கள். கையெல்லாம் கரிசல் மண். அவளுடைய மகன் முருகேசன் குமாருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தான்.

“அஞ்சலை, ஒம் புள்ளைய அந்தப் பக்கம் போய் உக்காரச் சொல்லு.”

அவள் வாசற்படிக்கு வெளியே நின்றாள். மகனைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். கை மண்ணைச் சேலையில் துடைத்தாள். அவள் ஒருத்தி சொன்னால் போதும், மற்றக் காலனிப் பிள்ளைகளும் எழுந்து போய்விடுவார்கள். அப்படிப் போன வரிசை அப்புறம் திரும்பி வராது. கொஞ்ச நாளில் அந்த வரிசையில் பிள்ளைகள் குறையும். பிறகு வெங்காயம் பிடுங்குகிற சமயத்தில் வரிசையே இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. என் வரிசையில் ஐந்தாம் வகுப்பு முடித்தது நான் மட்டும்தான்.

மேசையிலிருந்து இறங்கினேன். எம்.எட்.டில் கல்வியும் சட்டமும் என்று ஒரு தாள் உண்டு. அதில் நான் வகுப்பில் முதல். ஆகவே சட்டத்தை எடுத்தேன். (இரண்டாவது விபத்து.) அரசியலமைப்புச் சட்டத்தின் பதினேழாவது பிரிவை ஒப்பித்தேன். பிள்ளைகளைச் சாதி பார்த்துப் பிரிப்பது குற்றம், தீண்டாமையைத் தண்டிக்கிற பி.சி.ஆர். சட்டத்தில் கேஸ் போட்டால் ஆறு மாதம் வரை உள்ளே போக வேண்டியிருக்கும் என்றேன். ‘மேற்படி’, ‘அன்னார்’ என்றெல்லாம் பேசியதாக ஞாபகம்.

பிரசிடெண்டு கடைசி வரை கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி, “அஞ்சலை, நீ போடுறியா கேசு?” என்று கேட்டார்.

“எனக்கு என்னங்க தெரியும்” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். சட்டம் படித்த தம்பி சாயங்காலம் பஸ் ஏறிவிடும், நாளைக் காலையில் கொல்லைக்கு வேலைக்கு வர வேண்டியவள் நான், வாயை மூடு என்று சொன்ன பார்வை. சுரங்கத்து மேஸ்திரியிடம் நான் எதிர்த்துப் பேசியபோது என் அம்மாவும் இதே பார்வையைத்தான் பார்த்தாள்.

“தம்பிக்கு எந்த ஊரு?” என்றார் பிரசிடெண்டு. காலையில் கேட்காத கேள்வி.

“அரியலூர் பக்கங்க.”

“அப்பா?”

“சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல இருந்தாருங்க.”

“கணக்குப் பாத்தாரா?”

“கல்லு ஒடச்சாருங்க.”

“எந்தத் தெரு?”

சொன்னேன். அந்தத் தெருவின் பெயரைக் கேட்ட பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அவர் மட்டும் ஒன்று கேட்டார்.

“காலையில எங்க வூட்டுல காபி குடிச்சல்ல?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. குடித்தேன் என்றேன். (சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அன்றைக்கு நான் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே சந்தர்ப்பம்.) வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் படியேறி உள்ளே வந்தார்கள். அவசரப்படாமல் வந்தார்கள். அதுதான் பயமாக இருந்தது. டீச்சர் கரும்பலகையை விட்டு நகர்ந்து பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். நின்றபடியே முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிக் கெடுத்தாயிற்று. சட்டத்தைச் சொல்லி இன்னும் கெடுத்தாயிற்று. என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. எப்படியாவது அந்த உத்திரத்தைத் திரும்ப உளுக்க வைக்க வேண்டும்.

“ஐயா, ஒரு தடவ பாத்தத வச்சு முடிவுக்கு வரக்கூடாது” என்றேன். “ஆராய்ச்சியில மறுபரிசோதனைன்னு ஒண்ணு இருக்கு. நான் இன்னொரு தரம் பாக்கணும்.”

“பாரு” என்றார். ஓடிப்போக வழியில்லாதவனுக்குத் தருகிற அவகாசம் அது.

மறுபடியும் மேசை மேல் ஏறினேன். மெதுவாகத் தட்டினால் மந்தமாகக் கேட்கும் என்று நினைத்து விரலால் தட்டினேன். அதற்கும் ‘ணங்’ என்றது. அந்தப் பனையை வெட்டியவன் நன்றாக இருக்கட்டும். ஓரத்தில் தட்டினேன், அடியில் தட்டினேன், காதை வைத்துக் கேட்டேன். “உள்ளுக்குள்ள ஒரு மாதிரி சத்தம் வருது” என்றேன். கூடத்தில் எல்லோருடைய காதுக்கும் நல்ல சத்தம்தான் வந்தது. என்னைச் சுற்றி ஆட்கள் நெருங்கினார்கள். ஒருவன் மேசையின் காலைப் பிடித்தான். இழுப்பதற்கா, நான் விழாமல் இருப்பதற்கா என்று இன்றுவரை தெரியாது.

உத்திரம் ஆடுகிறது என்றாவது காட்டிவிடலாம் என்று எக்கித் தாவினேன். உத்திரம் கைப்பிடிக்குள் அடங்கவில்லை. பிடிக்குள் வந்தது அதற்குப் பக்கத்தில் ஓடு தாங்கிக்கொண்டிருந்த ரீப்பர். இரண்டு விரல் அகலச் சட்டம். அதைப் பிடித்துத் தொங்கினேன். மேசை காலடியிலிருந்து போனது. ஒரு கணம், கையில் அந்தச் சட்டமும் காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமலும் முதுகலை மாணவன் ஒருவன் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கூரையில் தொங்கினான். பிறகு ரீப்பர் ஒடிந்தது.

நாட்டு ஓடு ஒன்று விழுந்தால் மற்றவை பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்து மேற்குப் பாதியின் கால்வாசிக் கூரை என் தலையிலும் தோளிலும் என்னைச் சுற்றியும் இறங்கியது. உள்ளே வந்த இருவரும் வாசலைத் தாண்டி ஓடினார்கள். உத்திரம் மட்டும் அசையவில்லை. அது என்னைவிட நேர்மையான ஜாதி மரம்.

தூசி அடங்க நேரம் பிடித்தது. நெற்றியிலிருந்து சூடாக ஏதோ கண்ணுக்குள் வழிந்தது. மற்றக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் கிழக்கு மூலையில் ஒரே குவியலாகக் கிடந்தார்கள். ஒருவருக்கும் அடியில்லை. ஆனால் தலையிலிருந்து கால் வரை செம்மண் நிறத்தில் ஓட்டுத் தூசி. எண்ணெய்த் தலை எது, செம்பட்டைத் தலை எது என்று சொல்ல முடியாது. பிரசிடெண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு, அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்திராத வேகத்தில் ஓடி, குவியலுக்குள் கைவிட்டு ஒரு பையனை இழுத்தார். பேரன் பேரைச் சொல்லிச் சொல்லி அழைத்தபடி, தோளில் கிடந்த துண்டால் அவன் முகத்தைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், வாயோரத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த முகம் முருகேசனுடையது.

அவர் கை நின்றது. துண்டைத் தோளில் போடுவதா, கீழே போடுவதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். குவியலுக்குள்ளிருந்து குமார் தானே எழுந்து வந்து, “தாத்தா, எனக்கும்” என்று முகத்தை நீட்டினான். வேறு துண்டு இல்லை. அதனாலேயே துடைத்தார்.

மெகருன்னிசா டீச்சர் கூரையில் திறந்திருந்த ஓட்டை வழியே வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பிரசிடெண்டிடம், காலை வருகைப்பதிவு எடுக்கிற அதே குரலில் சொன்னார்:

“பாத்தீங்களா? நாலு வருஷமா இதத்தானங்க சொல்லிக்கிட்டிருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பிரசிடெண்டு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உத்திரம் அப்படியேதான் இருக்கிறது, விழுந்தது ஓடுதான் என்று அவருக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் தன் கண்ணெதிரே கூரை விழுந்த இடத்தைக் காட்டி, இங்கே பிள்ளையை உட்கார வை என்று மறுபடியும் அஞ்சலையிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பாமலே சொன்னார்.

“ஓடு மாத்துற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்.”

“ஆமாங்க. ஓடு மாத்துற வரைக்கும்” என்றார் டீச்சர்.

என்னை வெங்காய மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் படுக்க வைத்துப் பெரம்பலூருக்கு அனுப்பினார்கள். அஞ்சலை ஒரு பழந்துணியை நனைத்து நெற்றியில் கட்டிவிட்டாள். வழி முழுக்க எனக்குக் கண்ணீர் வழிந்தது. வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று வண்டிக்காரர் இரக்கப்பட்டார். தலைக்குக் கீழே வெங்காயம் இருந்ததை நான் சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் வரை டீச்சர் வண்டியோடு நடந்து வந்தார். முதலிலேயே என்னிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று முனகினேன்.

“வாயால சொன்னேன், கண்ணால சொன்னேன், குறுக்க வந்து நின்னும் பாத்தேன். இதுக்கு மேல ஒரு பொம்பள எப்படித் தம்பி சொல்றது?” என்றார். பிறகு, “அல்லா காப்பாத்தினான். ஆனா நீங்க மேல ஏறாம இருந்திருந்தா அவனுக்கு இவ்வளவு வேலை வந்திருக்காது” என்றார்.

பெரம்பலூரில் தையல் போட்டார்கள். தையலோடு போய் ஆய்வேட்டை எழுதினேன். பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் காரணம் என்ற இடத்தில் ‘கட்டடத்தின் நிலை’ என்று இரண்டே சொல் எழுதினேன். சமூகவியல் எங்கே, சிந்தனை எங்கே என்று பேராசிரியர் கத்தினார். அந்த இரண்டு சொல்லை நான் மாற்றவில்லை. மயிரிழையில் தேர்ச்சி போட்டார்கள். என் அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் கடைசி வரை தீரவில்லை. பரீட்சை எழுதப் போனவனுக்கு எதற்கு மண்டையில் அடி? கல்வியாளன் ஆகும் ஆசை அதோடு போனது. பத்திரிகையில் சேர்ந்தேன். அங்கே எதைத் தட்டிப் பார்க்கலாம், எதைத் தட்டாமல் விடலாம் என்று தீர்மானிக்க ஒரு ஆசிரியர் இருந்தார்.

சில வருடங்கள் கழித்து அந்தப் பக்கமாக ஒரு செய்திக்குப் போனபோது பள்ளியை எட்டிப் பார்த்தேன். ஓட்டுக் கட்டடம் இல்லை. அரசாங்கம் காங்கிரீட்டில் புதிதாகக் கட்டியிருந்தது. மெகருன்னிசா டீச்சர் அதே இடத்தில் இருந்தார். லப்பைக்குடிக்காட்டுச் சவுதிக்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்ததாம், கூரையில் மின்விசிறிகள் தொங்கின. கோடை வெயில். கிழக்குப் பக்கத்து விசிறிகளுக்குக் கீழே பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். மேற்குப் பக்கத்து விசிறிகள் ஓடவில்லை. அங்கே யாரும் இல்லை.

சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தேன். டீச்சரைப் பார்த்தேன்.

“ரிப்பேரு” என்றார்.

கையைப் பேண்ட் பையை விட்டு வெளியே எடுக்காமல் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

இதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் என் கடைசி விபத்து. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும், மிக்ஸி நின்றாலும், நான் ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தால் என் மனைவி கதவோரம் வந்து நின்றுகொள்வாள்.

“மொதல்ல நல்லா விசாரிங்க. யாராவது நல்லதுக்காகக் கெடுத்து வச்சிருக்கப் போறாங்க.”